பொருள் மறந்த பாட்டு

1929ஆம் ஆண்டுக் கோடையில், லொரன்சோ டவ் டர்னர் என்னும் கறுப்பினப் பேராசிரியர் அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்தச் சென்றார். அங்கே மாணவர் சிலர் தமக்குள் பேசிக்கொண்ட மொழி தற்செயலாக அவர் செவியில் விழுந்தது. அது குல்லா எனப்படும் கடற்கரை மக்களின் பேச்சு. கற்றோர் அதைச் சிதைந்த ஆங்கிலம் என்று எள்ளி ஒதுக்கியிருந்தனர். டர்னரோ அதனுள் ஆப்பிரிக்கச் சொற்கள் ஒலிப்பதை உணர்ந்தார். அதன்பின் அவர் வாழ்வின் திசையே மாறிற்று. 20 ஆண்டு உழைப்பின் பயனாக 1949இல் அவரது நூல் வெளிவந்தது.

1930களின் தொடக்கத்தில், பாரமான ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் ஊருக்குச் சென்றார். அமேலியா டாவ்லி என்ற பெண்மணி அங்கு ஐந்தே வரிகள் கொண்ட ஒரு பாட்டைப் பாடினார். அதன் பொருளை அவர் அறியார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட முன்னோரின் பாட்டு என்பது மட்டுமே தெரியும். அவருடைய மகள் மேரி அதைச் சிறுமியாய் இருந்தபோதே தாயிடம் கற்றுக்கொண்டார்.

அந்த மொழி சியரா லியோனின் மெண்டே. 1990இல் இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட் அப்பழைய ஒலிப்பதிவைக் கொண்டு ஊர் ஊராக விசாரித்து வந்தார். செனெஹுன் இங்கோலா என்னும் சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்ற பெண் அதைக் கேட்டதும் கூடவே பாடத் தொடங்கினார்! அவருக்கு அதைக் கற்பித்தவர் பாட்டியார். ஒரு நாள் பிரிந்துபோன உறவினரை இப்பாட்டே அடையாளம் காட்டும் என்றும் அவர் சொல்லியிருந்தாராம்.

அது கல்லறையருகே, இறந்தோரை வழியனுப்பும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு. கடலுக்கு அப்பால் பொருள் மறைந்துபோக, குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டாக அது உயிர் தரித்திருந்தது. ஒப்பாரியும் தாலாட்டும் அருகருகே பிறந்தவை என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும், துயரத்தின் பொருள் போய், ஒலி மட்டும் பிள்ளைகளின் வாயில் இத்தனை தலைமுறை தங்கியிருந்ததை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

சந்திப்பு உடனே நிகழவில்லை. 1991இல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1997இல்தான் மேரி மோரான் தம் குடும்பத்துடன் அவ்வூரை அடைந்தார். வழக்கொழிந்திருந்த அந்தச் சடங்கை ஊரார் அவர்களுக்காக மீண்டும் நடத்தினர். மேரியும் பெண்டுவும் அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினர்.