உட்கார்ந்து விற்றவர்கள் எப்போது எழுந்து நின்றார்கள்? திருச்சி ஜவுளிக் கடைகளை முன்வைத்து

கடைச் சிப்பந்தியின் வரலாற்றைக் கூலிக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் அவர் கால்களிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய பாணி ஜவுளிக் கடையில் தரையைவிடச் சற்று உயர்ந்த மேடை இருக்கும். அதன்மேல் மெத்தை, வெள்ளை விரிப்பு. விற்பவரும் வாங்க வந்த குடும்பமும் எதிரெதிரே சம்மணமிட்டு அமர்வார்கள். எழுந்து நிற்பவன் அலமாரியிலிருந்து கட்டு எடுத்துத் தரும் கடைப் பையன் மட்டுமே. புடவையை உதறி, முந்தானையை வந்தவர் மடியில் படரவிட்டுப் பேசுவதில்தான் வியாபாரமே இருந்தது. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பெரிய கடை வீதியும் சின்னக்கடை வீதியும் வளர்ந்தது இந்த மரபில்தான்.

என்.எஸ்.பி. சாலையில் மாடிமேல் மாடியாகக் கடைகள் எழும்பியபோது மேடை போய்க் கவுண்ட்டர் வந்தது. பட்டு, சுடிதார், ரெடிமேட் எனத் தனித்தனிச் செக்‌ஷன்கள். வாடிக்கையாளர் நடந்துகொண்டே பார்ப்பதால் விற்பவரும் நின்றாக வேண்டியதாயிற்று. உட்கார்ந்தால் சோம்பல் என்ற எண்ணம் இந்த மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

சட்டம் வேறு பாதையில் வந்தது. 1947-ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைக்கு வரம்பு கட்டியது. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக்கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி ஓய்வு தர வேண்டும். நகராட்சிகளுக்குத் தொடக்கத்திலேயே பொருந்தும்படி எழுதப்பட்டதால் திருச்சி, ஸ்ரீரங்கம் இரண்டும் அதன் வரம்புக்குள் வந்தன. அப்போது அவை தனித்தனி நகராட்சிகள், 1994-இல்தான் ஒரே மாநகராட்சியாயின. நேரத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்த அச்சட்டம் இருக்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிரிட்டனிலோ 1899-லேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் எனச் சட்டம் வந்துவிட்டது. இங்கே சட்டம் எழுதியவர்களின் கண்முன் மெத்தைக் கடைகள் இருந்திருக்கும், குறை தோன்றியிராது.

தோன்ற அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 2010-இல் வெளிவந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ சென்னை ரங்கநாதன் தெருச் சிப்பந்திகளின் வாழ்வைத் திரையில் காட்டியது. கேரளத்தின் கோழிக்கோட்டில் விஜி முன்னின்ற ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பு உட்காரும் உரிமைக்காகப் போராடியது. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நல அமைச்சர் சி.வி. கணேசன் இதற்கான மசோதாவைப் பேரவையில் வைத்தார். 1947 சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. வேலையினிடையே வாய்க்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்கிறது அது. ‘வாய்க்கும்போது’ என்ற சொல்லில்தான் சிக்கல். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளிலும் அது எப்போது வாய்க்கும்?

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்திலிருந்து உள்ளே நடந்தால், பூக்காரர்கள் இன்றும் உட்கார்ந்தே விற்கிறார்கள். காவிரிப் பாலம் தாண்டி வந்து நான் நுழைந்த ஒரு துணிக்கடையில், கவுண்ட்டருக்குப் பின்னே பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கிடந்தது. அதன்மேல் மடிக்காத புடவைகள் குவிந்திருந்தன; பக்கத்தில் நின்றபடி ஒரு பெண் அவற்றை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.