ஒரே கூண்டுல எத்தனை குரங்கு?

நான் விரிஞ்சிபுரத்துக்காரன். எங்களுக்குப் பக்கத்துல இருக்கற ஜூ, ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி. ஆனா பசங்க ஆசைப்படறது வண்டலூருக்குத்தான். போய்ட்டு வந்தவங்க பலரும் கேக்கறாங்க: "எல்லாம் குரங்குதானே, ஏன் தனித்தனியா வெச்சிருக்காங்க? ஒண்ணா விட்டா ஜாலியா இருக்குமே?"

பழைய கதையிலிருந்து வருவோம். 1855-ல எட்வர்ட் பால்ஃபோர்ங்கற டாக்டர், எழும்பூர் மியூசியத்துல உயிரோட விலங்குகளை வெச்சார். புலியைப் பாக்கக் கூட்டம் வந்தது. அதுலதான் மெட்ராஸ் ஜூ பொறந்தது. ஆக, இடம் மனுஷன் பாக்கறதுக்கு; விலங்கு ஒதுங்கறதுக்கு இல்ல. பிறகு சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க், அங்கிருந்து 1985-ல வண்டலூர் காட்டு நிலம்.

இப்ப மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாருங்க. அங்க சோலைமந்தியும் (சிங்கவால் குரங்குதான்) கருமந்தியும் ஒரே காட்டுல வாழுது. எப்படி? சோலைமந்தி பழம், பூச்சின்னு கிடைச்சதை கன்னப்பையில அடைச்சுக்கும். கருமந்திக்கு முக்கியமா இலை. அதோட வயிறு பல அறை கொண்டது, நுண்ணுயிர்கள் அங்க இலையைப் புளிக்க வைக்கும். சண்டை வந்தா அடுத்த மரத்துக்குப் போயிடலாம்.

கூண்டுல அடுத்த மரம் கிடையாது. ஒரே தட்டுல சாப்பாடு வெச்சா சோலைமந்தி முந்திக்கும். இனிப்புப் பழம் நிறைய போனா கருமந்தி வயிறு கெட்டுடும். இன்னொரு பயம், ஹெர்பிஸ் பி வைரஸ். சோலைமந்தி, நாட்டுக்குரங்கு இனங்களுக்கு அது பெரும்பாலும் வாய்ப்புண்ணோட போயிடும். மனுஷனுக்கும் வேற சில குரங்குகளுக்கும் உயிரையே எடுக்கும்.

சோலைமந்தியையும் நாட்டுக்குரங்கையும் சேர்த்தா? ரெண்டும் நெருங்கின சொந்தம், கலப்புக் குட்டி பொறக்கலாம். காட்டுல சோலைமந்தி மொத்தமே சில ஆயிரம்தான். அதைப் பெருக்கற வேலைல வண்டலூருக்கு முக்கியப் பங்கு உண்டு. கலப்புக் குட்டி அந்தக் கணக்குல சேராது. ஒரு தாயோட பல மாசம் வீண். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய நஷ்டம்.

சிம்பன்சியை மத்த குரங்குகளோட விடறது ரொம்ப ஆபத்து. கோம்பே காட்டுல ஜேன் குடால் 1960-கள்லயே பாத்தாங்க: அது குரங்கை வேட்டையாடித் தின்னும்! ஒரே இனம்னாலும் பிரச்சினைதான். லண்டன் ஜூ 1925-ல திறந்த குரங்குக் குன்றுல பபூன்கள், பெரும்பாலும் ஆண்கள். கொஞ்சம் பெண்களுக்காக அடிச்சிக்கிட்டே நிறைய செத்துப்போச்சு.

சரிப்பட்ட இடமும் இருக்கு. சான் டியாகோல ஒராங்குட்டானும் சியாமங்கும் ஒரே வளாகம். ஒராங்குட்டான் நிதானம், சியாமங் கயித்துல பறக்கும். பிடிக்கலைன்னா சியாமங் எட்டாத உயரத்துக்குப் போயிடும்.

நம்ம ஊர்ல செய்யணும்னா நான் இன்னொரு குரங்கைத் தேட மாட்டேன், மானைச் சேர்ப்பேன். நம்ம காடுகள்ல அனுமன் மந்தி மேலிருந்து இலையும் பழமும் உதிர்க்கும், கீழ புள்ளிமான் மேயும். புலி வந்தா யார் முதல்ல பாத்தாலும் கத்துவாங்க, ரெண்டு கூட்டமும் உஷாராயிடும்.