புள்ளிக்குள் இருந்த கணக்கு

ஓவியர் வரைந்ததை இன்னொருவர் மரக்கட்டையில் செதுக்க, அதிலிருந்து அச்சாவதுதான் அன்றைய புத்தகப் படம். செதுக்குகிறவர் கை எப்படியோ, படமும் அப்படியே. கல்கத்தாவில் குழந்தைகளுக்காக எழுதியும் வரைந்தும் வந்த உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரியின் நுட்பமான கோடுகள் கட்டைக்குப் போனதும் சிதைந்தன. விதியே என்று விட்டுவிடுகிற ஆள் அல்ல அவர். 1895-இல் இங்கிலாந்திலிருந்து கருவிகளைத் தருவித்து, தாமே பிளாக், அதாவது படத்துக்கான அச்சுத் தகடு, செய்யும் தொழிலில் இறங்கினார். நிறுவனத்தின் பெயர் யு. ராய்.

பிளாக் தொழிலுக்கு மூலம், ஒளி பட்டால் இறுகும் ஒரு பூச்சு. முட்டை வெண்கருவிலோ மீன்பசையிலோ டைக்ரோமேட் உப்பைக் கலந்து துத்தநாகத் தகட்டிலோ செப்புத் தகட்டிலோ பூசுவார்கள். மேலே நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், ஒளி புகுந்த இடத்தில் பூச்சு இறுகும். மற்றதெல்லாம் தண்ணீரில் கழுவிப் போகும். பிறகு துத்தநாகமானால் நைட்ரிக் அமிலத்திலும், செம்பானால் ஃபெரிக் குளோரைடு கரைசலிலும் தகட்டை இறக்குவார்கள். பூச்சு காத்த இடம் மேடாக நிற்க, மற்ற இடம் பள்ளமாகும். சிக்கல் என்னவென்றால், அமிலம் பக்கவாட்டிலும் அரித்து மெல்லிய கோட்டின் அடியையே தின்றுவிடும். அதனால் துத்தநாகத் தகட்டைச் சிறிது அரித்ததும் வெளியே எடுத்து, கோட்டோரங்களில் பிசின் பொடி தடவி, சூடுகாட்டி உருக்கி, மறுபடி அமிலத்தில் விடுவார்கள். இப்படிப் பல முறை. முடிந்த தகட்டை ஈய எழுத்தின் உயரத்துக்கு வருமாறு மரக்கட்டையில் அடித்துவிட்டால், எழுத்தோடு சேர்த்தே அச்சில் பூட்டலாம்.

கோட்டோவியத்துக்கு இது போதும், புகைப்படத்துக்குப் போதாது. கறுப்பு மையால் சாம்பல் நிறத்தை அச்சிட முடியாதே! அதற்காக வந்ததுதான் ஹாஃப்டோன். ஜெர்மனியில் மைசன்பாக் 1882-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் லெவி சகோதரர்கள், குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் கீறிய கண்ணாடித் திரைகளைச் செய்தார்கள். கேமராவுக்குள் நெகட்டிவ் தகட்டுக்கு முன்னால் திரையை நிறுத்தினால், படம் புள்ளிகளாக உடையும். நிழலில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சிறிய புள்ளி. தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைச் சேர்த்துச் சாம்பல் நிறமாகக் காண்கிறது.

திரைக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? உபேந்திரகிஷோரைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். மிக அருகில் வைத்தால் திரையின் கட்டங்கள் அப்படியே பதியும். தள்ளினால் புள்ளி மங்கிக் கரையும். தொழிலில் பலரும் கைப்பழக்கத்தால் சமாளித்தார்கள். அவரோ அதற்குள் இருந்த கணக்கைக் கண்டார்: திரைக் கோடுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு கண்ணும் ஓர் ஊசித்துளைக் கேமராபோல வேலை செய்து, லென்சின் துளையைத்தான் தகட்டில் படமாக விழச்செய்கிறது. அப்படியானால் கேமராவின் நீளம், லென்சுத் துளையின் அகலம், திரைக்கண்ணின் அகலம் மூன்றும் தெரிந்தால் இடைவெளியைக் கணக்குப்போட்டே சொல்லிவிடலாம். லென்சுத் துளையின் வடிவத்தை மாற்றினால் புள்ளியின் வடிவமும் மாறும்.

இந்த வழியில் அவர் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்தார். திரையைப் பொருத்தும் முறை, ஒரே படத்துக்குப் பல துளைகளைப் பயன்படுத்தும் முறை, 60 பாகைக் கோணத் திரை எனக் கண்டவற்றை லண்டனின் பென்ரோஸ் ஆண்டிதழில் 1897 முதல் தொடர்ந்து எழுதினார். அச்சுக்கலை நிபுணர்கள் படித்த இதழ் அது. ஐரோப்பாவில் ஒருநாள்கூடப் பயிலாமல், புத்தகங்களையும் தம் இருட்டறையையும் கொண்டே அங்குள்ளவர்களுக்குக் காரணம் விளக்கினார். கருவி வாங்கியவர்கள் பலர் உண்டு. அதன் உள்கணக்கை அவிழ்த்ததால்தான் அவரை அச்சு வரலாற்றின் முதல் வரிசையில் வைக்கிறேன்.

1911-இல் மகன் சுகுமார் இதே கலையைப் பயில லண்டனுக்குப் போனார்; பிறகு மான்செஸ்டரில் படித்தார். தந்தையைப் போலவே பென்ரோஸில் எழுதினார். 1913-இல் உபேந்திரகிஷோர் 'சந்தேஷ்' என்ற குழந்தைகள் மாத இதழைத் தொடங்கினார். எழுத்து அவருடையது, ஓவியம் அவருடையது, இந்தமுறை பிளாக்கும் அவருடையது. 1915 டிசம்பரில், 52 வயதில் அவர் காலமானதும் இதழும் அச்சகமும் சுகுமாரின் கைக்கு வந்தன.

(தொடரும்)