பேன் முற்றமும் வகுப்பறையும்: கரீபிய நிகழ்த்துகலைகளின் கல்விப் பயனும் உளநலப் பயனும்

1. ஆய்வெல்லை

கரீபியத் தீவுகளில் நிகழ்த்துகலைகள் ஏராளம். டிரினிடாடின் ஸ்டீல்பேன் என்ற இசைக்கருவி, கலிப்சோ என்ற பாட்டு வடிவம் ஆகிய இரண்டையும் ஜமைக்காவின் மருத்துவமனை அனுபவம் ஒன்றையும் மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கலை பள்ளிக்குள் நுழைந்தால் மட்டும் போதாது. அதைக் கற்றுக்கொடுக்கும் முறையும் உடன் நுழைய வேண்டும் என்பதே இதன் வாதம்.

2. தடையில் பிறந்த கருவி

1881இல் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தீப்பந்தங்களுடன் நடந்த கேன்புலே ஊர்வலத்தைக் காவல்துறை ஒடுக்க முயன்றபோது கலவரம் மூண்டது. சில ஆண்டுகளில் தோல்முரசுக்கும் தடை வந்தது. மக்கள் மூங்கில்களைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினர். 1930களின் பிற்பகுதியில் மூங்கிலின் இடத்துக்குத் தகரமும், பின்னர் 55 காலன் எண்ணெய்ப் பீப்பாயும் வந்தன. அதுவே ஸ்டீல்பேன், சுருக்கமாகப் பேன். பேன் வாசிப்பவர் என்றாலே ரவுடி என்று ஒதுக்கிய நாடு, 1951இல் லண்டனில் நடந்த 'பிரிட்டன் விழா'வுக்குப் பேன் குழுவை அனுப்பியது. 1992இல் பேனைத் தேசிய இசைக்கருவியாக அறிவித்தது.

3. முற்றத்தின் கற்பிப்பு முறை

பேன் குழு பயிற்சி செய்யும் திறந்தவெளிக்கு 'பேன் யார்டு' என்று பெயர். 1963இல் தொடங்கிய பனோரமா என்ற பேன் போட்டியின் பெரிய குழுக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாசிப்பார்கள். அவர்களில் பலருக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. இசையமைப்பாளர் ஒரு துணுக்கை வாசித்துக் காட்ட, அது வரிசை வரிசையாகக் காதுவழி கைமாறுகிறது. பள்ளி மாணவரும் நடுவயதுக்காரரும் அருகருகே நிற்கிறார்கள். தடுமாறுபவருக்குப் பக்கத்தில் நிற்பவரே ஆசிரியர். இந்திய வம்சாவளியினரான இசையமைப்பாளர் ஜித் சமரூ 'ரெனிகேட்ஸ்' குழுவுக்கு ஒன்பது பனோரமா வெற்றிகள் தேடித் தந்தார். இனம் பார்த்து வாக்களிக்கும் அரசியல் கொண்ட நாட்டில் இது சிறிய செய்தியல்ல.

பிறர் வாசிப்பதைக் கேட்காதவன் இங்கே தன் பங்கை வாசிக்கவே முடியாது. மதிப்பெண் பட்டியலில் இந்தத் திறனுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

4. பாடநூலை விமர்சித்த பாட்டு

காலனியப் பாடநூல்களின் பொருளற்ற வரிகளை மனப்பாடம் செய்வித்த கல்வியைப் பாடகர் மைட்டி ஸ்பாரோ 1963இல் 'டேன் இஸ் தி மேன்' என்ற கலிப்சோவில் கிண்டலடித்தார். வகுப்பில் நகைச்சுவைக்கு மட்டுமின்றி, பாடத்திட்ட வரலாற்றுக்கும் அது சான்றாதாரம்.

5. உளநலம்

மனநல மருத்துவர் ஃபிரெடரிக் ஹிக்லிங் 1970களின் பிற்பகுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலுள்ள பெல்வியூ மருத்துவமனையில் நோயாளிகளையே நடிகர்களாக்கி, அவர்கள் வாழ்வையும் தீவின் வரலாற்றையும் மேடையேற்றினார். பின்னாளில் நடத்தைச் சிக்கலுள்ள தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்காகக் கதை, பாட்டு, ஆட்டம் கலந்த 'டிரீம் எ வேர்ல்ட்' திட்டத்தை உருவாக்கினார். இவை சிகிச்சைக்குத் துணை. மருந்துக்கு மாற்று என்று சொல்வது மிகை.

6. மதிப்பீடு

பரிசளிப்பு விழாவுக்காக மூன்று வாரம் ஒரே பாட்டை அடித்துப் பழகுவது கலைக்கல்வி ஆகாது. ஆண்டு முழுவதற்குமான பாடவேளை, முற்றத்தில் வளர்ந்த கலைஞருக்கு ஆசிரியருக்கு நிகரான ஊதியம் ஆகிய இரண்டையும் ஒதுக்காத கல்வித்துறை, 'பண்பாட்டு நலம்' என்ற சொல்லைத் தன் அறிக்கைகளிலிருந்து நீக்கிவிடலாம்.