சட்டைக்கு வயது வந்த வரலாறு



புதிய பள்ளித் தவணைக்குச் சீருடை வாங்கச் செல்லும்போது கடைகளில் முதலில் எழும் கேள்வி, "பிள்ளைக்கு என்ன வயது?" என்பதே. உயரத்தைக் கேட்பவர் அரியர். துணி வெட்டுவதற்கு உடலின் அளவு தேவை, வயது எதற்கு? இதற்கான விடையைத் தேடியபோது அறிந்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்கின்றேன்.

தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த காலத்தில் சட்டைக்கு எண் தேவைப்படவில்லை. அமெரிக்கத் தையற்காரரான எபனேசர் பட்டரிக், 1863ஆம் ஆண்டில் பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். நேரில் பார்த்திராத பிள்ளைக்கும் உடை வெட்ட வேண்டிய நிலை இவ்வாறு வந்தது. எந்தத் தாயும் உடனே சொல்லக்கூடியது பிள்ளையின் வயது. எனவே, சிறுவர் உடைகளுக்கு வயதே அளவாக அமைந்தது.

ஆயத்த ஆடைகள் பெருகியபோது இம்முறையின் குறை வெளிப்பட்டது. ஒரே எண் கொண்ட உடை, நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டது. ஆகவே, அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு, ரூத் ஓ'பிரையன் தலைமையில், 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 147,000 பிள்ளைகளை அளந்தது. அவர்கள் 4 முதல் 17 வயதினர். ஒவ்வொருவரிடமும் 36 அளவுகள் எடுக்கப்பட்டன. 1941இல் வெளிவந்த அறிக்கையின் முடிவு தெளிவானது: உடையின் அளவைத் தீர்மானிக்க வயது ஏற்றதன்று, உயரமும் இடுப்புச் சுற்றளவும் சேர்ந்தே அதற்குப் பொருந்தும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இன்று உயரமே முத்திரையில் உள்ளது. பிறந்த குழந்தைக்கு 50 அல்லது 56. பின்னர் 62, 68, 74 என 6 சென்டிமீட்டர் இடைவெளியில் எண்கள் உயரும். ஜப்பானில் 80, 90, 100 எனப் பத்துப் பத்தாக உயரும். ஆயினும், வயதைக் குறிக்கும் முத்திரைகள் இன்னும் மறையவில்லை.

இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. என் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "எனக்குப் பன்னிரண்டு வயதுச் சட்டைதான் டீச்சர் போட முடியுது" என்று தலைகுனிந்து கூறினாள். அவளிடம் எந்தக் குறையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையின்படி, ஏழு வயதுச் சிறுவர்களில் பெரும்பாலோரின் உயரம் ஏறத்தாழ 111 முதல் 132 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். ஐரோப்பிய முறையில் இது மூன்று நான்கு அளவுகளைத் தாண்டும். ஒரே வயது, வேறு வேறு சட்டைகள். இது இயல்பே.

பெற்றோர்களே, கடைக்குச் செல்லுமுன் பிள்ளையைக் காலணியின்றிச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து கொள்ளுங்கள். மார்பு, இடுப்புச் சுற்றளவுகளையும் குறித்துக் கொள்ளுங்கள். "வயதுக்கு மீறிய சட்டை" என்று பிள்ளையின் காதுபட உரைக்க வேண்டா. ஆசிரியர்களே, நீட்டலளவைப் பாடத்தில் சட்டையின் நீளத்தையும் தோள் அகலத்தையும் அளக்கச் செய்யலாம். பிள்ளைகளின் அளவுகளை மட்டும் வகுப்பில் உரக்கப் படிக்காதிருப்போம்.