ஆவிப்படிவு மென்படலச் சூரிய மின்கலம்

குறைக்கடத்தி ஒன்றை ஆவியாக்கி, கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் படியவைத்து உருவாக்கும் சூரிய மின்கலம். புதுச்சேரி மொட்டை மாடிகளில் பரவலாகக் காணும் சிலிக்கான் பலகைகளில் சீவல்கள் ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் தடிப்புள்ளவை. மென்படலத்துக்கு 3 மைக்ரோமீட்டர் போதும்.

இவ்வகையில் பெருந்தொழிலாக நிலைத்தது காட்மியம் டெலுரைடு ஒன்றே எனலாம். அதற்கு அதன் வேதியியலே காரணம். கற்பூரம் போல இதுவும் பதங்கமாகும். ஆவியில் காட்மியமும் டெலூரியமும் தனித்தனியே பிரிந்தாலும், சூடான கண்ணாடியில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே மீண்டும் சேர்கின்றன. மிகுதியாக வந்தது அங்கே தங்காமல் ஆவியாகிவிடும். செம்பு, இண்டியம், காலியம், செலினியம் ஆகிய நான்கையும் அளந்து படியவைக்க வேண்டிய போட்டி முறைக்கு இந்த வசதி இல்லை. அது ஆய்வகத்தில் சாதித்தும் ஆலையில் திணறியது வியப்பல்ல.

ஆலையில் காட்மியம் டெலுரைடுத் தூள் சூடான வாயுவோடு செலுத்தப்பட்டு ஆவியாகிறது. சுமார் 600 பாகை செல்சியசில் நகர்ந்துவரும் கண்ணாடியில் படிகிறது. பிறகு காட்மியம் குளோரைடு பூசி, ஏறத்தாழ 400 பாகையில் சூடேற்றுவார்கள். இந்தப் படி இல்லாவிட்டால் மின்கலத்தின் திறன் பாதிக்கும் கீழே போய்விடும். கடைசியாக, லேசர் கீறல்கள் படலத்தைப் பல மின்கலங்களாகப் பிரித்து இணைக்கின்றன.

புதுச்சேரிக்கு வடக்கே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் இம்முறையில் இயங்கும் ஆலையை 2024 ஜனவரியில் திறந்தது. ஆண்டுத் திறன் 3.3 கிகாவாட். ஒரு பலகையின் பரப்பு ஏறத்தாழ 2.8 சதுர மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் அதிலுள்ள குறைக்கடத்தி 50 கிராம் அளவே வரும். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள பகுதி என்பதால், சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

கடலோர வெயிலில் பலகை சூடேறச் சூடேற மின் உற்பத்தி குறையும். காட்மியம் டெலுரைடில் இந்த இழப்பு பாகைக்கு சுமார் 0.3 விழுக்காடு. பழைய சிலிக்கான் பலகைகளோடு ஒப்பிட இது நல்ல ஆதாயம்; புதிய வகைகளோடு ஒப்பிட்டால் அவ்வளவாக இல்லை.

காட்மியம் நச்சுத்தன்மை உள்ளது. சேர்மமாக இரு கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்டிருக்கும்வரை கசிவு அபாயம் குறைவு. ஆயுள் முடிந்த பலகையைக் குப்பையில் வீசக்கூடாது. டெலூரியத்துக்காகவும் அதை மீட்டாக வேண்டும். செம்புச் சுத்திகரிப்பின் துணைப்பொருளாகவே பெரும்பாலும் கிடைக்கும் இத்தனிமத்தின் வரத்து, செம்பு உற்பத்தியைத்தான் சார்ந்திருக்கிறது.