டெலிபோன் ஜாக்: இரண்டு ஸ்குருவின் கதை

பத்தாவது லீவில் அரியலூர் பக்கம் தாத்தா வீட்டில் இருந்தேன். லேண்ட்லைனில் ஒரே கரகர சத்தம். நானே சரி செய்கிறேன் என்று சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டே ஸ்குரு, இரண்டே கம்பி. முறுக்கிக்கொண்டிருக்கும்போது யாரோ போன் போட, கை சுர்ரென்று உதறியது! சும்மா இருக்கும்போது அந்த லைனில் 48 வோல்ட் டி.சி. தான். மணி அடிக்கும்போது மட்டும் 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. வரும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அந்த இரண்டு கம்பிகளுக்கும் 'டிப்', 'ரிங்' என்று பெயர். ரிங் என்றால் மணிச் சத்தம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. பழைய எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் கையில் பிடித்த ப்ளக்கின் நுனி டிப், அதற்குக் கீழே உள்ள வளையம் ரிங். அந்த ப்ளக்குகள் காணாமல் போனபிறகும் பெயர் மட்டும் கம்பியில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ப்ளக் போய் நுழைகிற ஓட்டைதான் ஜாக். 1870களின் கடைசியில் அமெரிக்காவில் சார்லஸ் ஸ்கிரிப்னர் செய்த ஸ்விட்ச், ஜாக் நைஃப் என்ற மடக்குக் கத்தி மாதிரி இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். பார்க்க வெறும் ஓட்டை, ஆனால் அது ஒரு ஸ்விட்ச். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் போர்டில் ஒரு ஜாக், ஒரு சின்ன மூடி. அவர் கூப்பிட்டால் மூடி விழும். ஆபரேட்டர் ப்ளக்கைச் செருகியதும் ஜாக்கின் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை நகர்ந்து, மூடியின் சர்க்யூட் அறுந்து, பேச்சு சர்க்யூட் சேரும். ஒரே தள்ளலில் இரண்டு வேலை! ரேடியோவில் இயர்போன் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடுகிறதே, அதுவும் இதே வித்தைதான்.

இந்தியாவில் 1882 ஜனவரி 28-ல் கல்கத்தா எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். சென்னைக்கும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் ஆபரேட்டர் நடுவில் இருப்பது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கம் செய்யும் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வரும் வாடிக்கையை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்புவதாகச் சந்தேகப்பட்டாராம். அந்தக் கோபத்தில் 1891-ல் தானியங்கி ஸ்விட்சுக்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். கோபம் நல்லதுதான் போல. இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-ல் சிம்லாவில், 700 லைனோடு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்கிய ஊர், கேட்கவா வேண்டும்.

நம் பக்கத்து கிராமங்களுக்கு அது வர எவ்வளவோ காலம் ஆனது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. ரூம் வேண்டும், தூசி ஆகாது. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற அரியலூரில் தூசிக்கா பஞ்சம்? 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், ஏ.சி. இல்லாமலே வேலை செய்யும் 128 போர்ட் கிராம எக்ஸ்சேஞ்சைச் செய்தது. முதலாவது 1986-ல் கர்நாடகாவின் கிட்டூரில் வைக்கப்பட்டது. பிறகு நாடெங்கும் பரவியது. இன்று பெரம்பலூருக்கு 04328, அரியலூருக்கு 04329. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம், 2001-ல் அரியலூர் மாவட்டம், 2002-ல் மறுபடி ஒன்று, 2007-ல் மறுபடி இரண்டு என்று நம் மாவட்டங்கள் பட்ட பாட்டுக்கு இந்தக் கோடு நம்பர்கள் எவ்வளவோ மேல்.

ஸ்ட்ரோஜர் கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எழுபதுகளில் அவருடைய அக்கா சென்னையில் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, அரியலூருக்கு சைக்கிளில் போய் ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தாராம். அப்போது கணக்கு மூன்று நிமிஷம். முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து, நீட்டிக்கவா என்று கேட்பார்.

"அன்னிக்கு அந்தம்மா கேக்கவே இல்லடா. நான் அழுவுறது காதுல விழுந்திருக்கும். அக்கா பேசி முடிக்கிற வரைக்கும் லைன உருவாம விட்டுட்டாங்க."